‘பேஷன்’ என்று சொல்லும் முன்: ஓர் ஆங்கிலச் சொல்லைச் சரியாகக் கையாளும் வழி

பயோடேட்டாவிலும் நேர்முகத் தேர்விலும் இன்று அதிகம் அடிபடும் ஆங்கிலச் சொற்களில் ஒன்று ‘பேஷன்’. ஹீரோ பைக்கின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறதே, அந்தப் பேஷன்: ஒன்றின் மேல் இருக்கும் ஆழ்ந்த ஈடுபாடு. ஆடை அலங்காரத்தைக் குறிக்கும் ‘ஃபேஷன்’ வேறு சொல். நன்றாகப் பழகிய சொல் என்பதால் யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. பிழையும் கூடவே பழகிவிட்டது.

“ஐயாம் வெரி பேஷன் இன் மியூசிக்.” “ஐயாம் பேஷனேட்டட் அபௌட் கோடிங்.” “மை பேஷன் இஸ் டு பிகம் எ டாக்டர்.” மூன்றுமே தவறு. ஆனால் மூன்றுக்கும் காரணம் ஒன்றல்ல. முதலாவதில் இலக்கணம் சறுக்குகிறது, இரண்டாவதில் உச்சரிப்பு, மூன்றாவதில் பொருள். எது ஏன் சறுக்குகிறது என்று தெரிந்துகொண்டால் திருத்துவது எளிது.

வாயில் சரியாக வர

எழுத்துக்கூட்டல் பி, ஏ, எஸ், எஸ், ஐ, ஓ, என். நடுவில் இரண்டு எஸ். மிஷன், செஷன், பெர்மிஷன் என்று இரட்டை எஸ்ஸோடு முடியும் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘டி, ஐ, ஓ, என்’ என்று முடிக்கும் பிழை தேர்வுத்தாள்களில் அடிக்கடி வரும். மிஷனை எப்படி எழுதுவீர்களோ அப்படித்தான் இதையும் எழுத வேண்டும்.

தமிழில் ‘பேஷன்’ என்று எழுதுகிறோமே தவிர, ஆங்கிலத்தில் அந்த முதல் உயிரெழுத்து நெட்டெழுத்து ‘ஏ’ அல்ல. கிரிக்கெட் பேட் என்னும்போது வரும் ஓசை அது: வாயை நன்றாகத் திறந்து, ‘ஆ’வுக்கும் ‘ஏ’வுக்கும் நடுவே நிறுத்துவது. ‘பேமென்ட்’டில் வருகிற ‘பே’யைப் போட்டால், மருத்துவமனையில் இருக்கும் நோயாளியைச் சொல்கிறீர்கள் என்று எதிரிலிருப்பவர் நினைக்கலாம். நோயாளிக்கான ஆங்கிலச் சொல்லிலும் இதிலும் பெரும்பாலான ஓசைகள் ஒன்றே. பிரித்துக்காட்டுவது அந்த உயிரெழுத்தும் கடைசி ‘ட்’டும்தான். அழுத்தம் முதல் அசையில். இரண்டாவது அசையை விழுங்கிவிடுங்கள். ‘ஷன்’ என்று நிறுத்திச் சொல்லத் தேவையில்லை, ‘ஷ்ன்’ என்று போனால் போதும்.

அடுத்தது முதல் மெய். ஃபேஷனுக்கு மேல்வரிசைப் பல் கீழுதட்டைத் தொட வேண்டும், காற்று இடுக்கு வழியாகச் சீறும். பேஷனுக்கு இரண்டு உதடும் முழுதாக மூடித் திறக்க வேண்டும். தமிழ் ‘ப’வில் காற்று அவ்வளவாக வெளியே வராது. ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் வரும் இந்த ‘ப’வில் காற்று வெடித்து வரும். ஒரு துண்டுத் தாளை உதட்டுக்கு நாலு விரற்கடை முன்னால் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். தாள் ஆட வேண்டும். ஆடாவிட்டால், வெளிநாட்டு வாடிக்கையாளர் காதில் அது ‘b’ ஓசையாக மந்தமாக விழும்.

‘பேஷனேட்’ என்று நாம் இழுப்பதும் தவறுதான். சரியான உச்சரிப்பு ‘பேஷனட்’, கடைசியில் இழுவையே கிடையாது. சாக்லட், பிரைவட், கிளைமட் மாதிரி. ஏ, டி, ஈ என்று முடியும் சொல் வினைச்சொல்லாக இருந்தால்தான் பெரும்பாலும் ‘ஏட்’ என்று நீளும். பெயராகவோ பெயரடையாகவோ இருந்தால் ‘அட்’ என்று குறுகும். பட்டதாரி ‘கிராஜுவட்’, பட்டம் பெறுவது ‘கிராஜுவேட்’. இரண்டாவது பிழையின் வேர் இதுதான். பேஷனட்டை நீட்டி ‘பேஷனேட்’ என்று சொல்லிச் சொல்லி, அது ஒரு வினைச்சொல் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வினை என்றால் ‘டெடிகேட்டட்’, ‘மோட்டிவேட்டட்’ மாதிரி இதற்கும் ‘எட்’ சேர்க்கலாம் என்று தோன்றுகிறது. அப்படி ஒரு சொல் வழக்கில் இல்லை. உச்சரிப்பைத் திருத்தினால் இலக்கணப் பிழையும் கூடவே போய்விடும். இனி இந்தக் கட்டுரையிலும் பேஷனட் என்றே எழுதுகிறோம்.

பெயருக்கு ஃபார், பெயரடைக்கு அபௌட்

இந்த ஒரு விதியை மனப்பாடம் செய்தால் பாதி வேலை முடிந்தது. பேஷன் என்பது பெயர்ச்சொல், அதன் பின்னால் ‘ஃபார்’. பேஷனட் என்பது பெயரடை, அதன் பின்னால் ‘அபௌட்’.

“ஷி ஹேஸ் எ பேஷன் ஃபார் மியூசிக்.”
“ஷி இஸ் பேஷனட் அபௌட் மியூசிக்.”

இரண்டுக்கும் பொருள் ஒன்றே. அமைப்பை மட்டும் கலக்கக் கூடாது. முதல் வாக்கியத்தில் ‘ஹேஸ்’, இரண்டாவதில் ‘இஸ்’. ஆர்வம் உங்களிடம் இருக்கிறது என்றால் ஹேவ், ஹேஸ். நீங்கள் ஆர்வமுள்ளவர் என்றால் ஆம், இஸ், ஆர். “ஐயாம் வெரி பேஷன்” என்பது தமிழில் “நான் மிகவும் ஆர்வம்” என்று சொல்வதைப் போன்றது, ‘உள்ளவன்’ விடுபட்டுவிட்டது.

‘இன்’ எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது? ‘இன்ட்ரஸ்டட் இன்’ பள்ளியிலேயே பழகிய தொடர். அதே பொருள்தானே என்று அதன் வாலை எடுத்து இங்கே ஒட்டிவிடுகிறோம். இசை‘யில்’ ஆர்வம் என்ற தமிழ் வேற்றுமையும் அதற்கு ஒத்து ஊதுகிறது. ஆனால் “மை ரியல் பேஷன் லைஸ் இன் டீச்சிங்” என்பது சரி. அங்கே ‘இன்’ ஒட்டியிருப்பது ‘லைஸ்’ என்ற வினையோடு, பேஷனோடு அல்ல.

ஃபார், அபௌட் இரண்டுக்கும் பிறகு வினை வந்தால் ‘இங்’ வடிவில் வர வேண்டும். “பேஷனட் அபௌட் டீச்சிங்” சரி, “பேஷனட் டு டீச்” சரியல்ல. “எ பேஷன் டு வின்” என்பதுபோல பெயர்ச்சொல்லுக்குப் பின் ‘டு’ போடுவதை விளையாட்டுச் செய்திகளில் பார்க்கலாம். தவறென்று ஒதுக்க முடியாது. விண்ணப்பக் கடிதத்தில் மட்டும் ஃபாரையும் இங்கையும் விட்டு நகராதீர்கள். யாரும் குறை சொல்ல முடியாத வடிவம் அது.

தமிழில் இல்லாத ‘எ’ என்ற ஆர்ட்டிக்கிள் நமக்கு எப்போதும் விடுபடும். “ஹேவ் பேஷன் ஃபார்” என்று மொட்டையாக எழுதாமல் “ஹேவ் எ பேஷன் ஃபார்” என்று எழுதுங்கள். “ஹி ஸ்போக் வித் பேஷன்” என்பதில் மட்டும் ‘எ’ வராது, உணர்ச்சி பொங்கப் பேசினார் என்று பொருள். அங்கேயே ‘எ’ சேர்த்து “வித் எ பேஷன்” என்றால் வேறு தொடராகிவிடும்: “ஐ ஹேட் இட் வித் எ பேஷன்”, அதாவது எனக்கு அதை அறவே பிடிக்காது. பெரும்பாலும் வெறுப்போடுதான் வரும்.

சேரும் வினைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பேஷனை ஹேவ் செய்யலாம், டெவலப் செய்யலாம், பர்சூ செய்யலாம், இன்னொருவரோடு ஷேர் செய்யலாம். டூ, மேக், புட் மூன்றும் சேராது. அடைகளில் லைஃப்லாங், ரியல், கிரேட் பொருந்தும். ‘ஃபுல் பேஷன்’, ‘ஹெவி பேஷன்’ என்பவை நம்மூர் ஆங்கிலம். பேஷனட்டுக்கு முன் ‘வெரி’யும் ‘டீப்லி’யும் சரி.

எதைப் பேஷன் என்று சொல்லலாம்

மூன்றாவது பிழைக்கு வருவோம். மருத்துவராவது ஆசை, லட்சியம், கனவு. ஆங்கிலத்தில் ‘ஆம்பிஷன்’ அல்லது ‘ட்ரீம்’. பேஷன் என்பது இன்னும் அடையாத இடத்தைக் குறிப்பதில்லை. இன்றைக்கே உங்களை இழுத்துப் பிடித்துவைத்திருக்கும் ஈடுபாட்டைக் குறிக்கிறது. மருத்துவராக விரும்புபவர் உடலியங்கியலில் பேஷன் உள்ளவராக இருக்கலாம், “ஐயாம் பேஷனட் அபௌட் ஹியூமன் பயாலஜி” என்று தாராளமாகச் சொல்லலாம். ‘பிகம்’ என்ற வினை வந்தாலே அது பேஷன் அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். “ஐ வான்ட் டு” போட்டுப் பொருந்தினால் லட்சியம். “ஐ லவ்” போட்டுப் பொருந்தினால் பேஷன்.

பொழுதுபோக்கும் அதுவும் ஒன்றல்ல. ஞாயிறு மாலை கொஞ்சம் செஸ் ஆடுவது ‘ஹாபி’. பழைய ஆட்டங்களை உட்கார்ந்து அலசுவது, தோற்ற ஆட்டத்தை நகர்வு நகர்வாகத் திரும்பப் போட்டுப் பார்ப்பது, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போட்டிக்குப் போவது பேஷன். அளவு மீறித் தூக்கமும் படிப்பும் கெட்டால் ‘அப்ஸஷன்’. அதற்கு இடைச்சொல்லும் மாறும்: ‘அப்ஸஸ்டு வித்’.

ஆளைக் குறித்து இந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போது மிகுந்த கவனம் வேண்டும். “ஹி ஹேஸ் எ பேஷன் ஃபார் ஹிஸ் டீச்சர்” என்றால் ஆசிரியர் மேல் மரியாதை என்று எந்த ஆங்கிலேயரும் எடுத்துக்கொள்ள மாட்டார். காம இச்சை என்றே படும். மதிப்பைச் சொல்ல ‘ரெஸ்பெக்ட்’ அல்லது ‘அட்மிரேஷன்’. அதேபோல ‘பேஷனட்’ ஒரு பெயருக்கு முன்னால் தனியாக வரும்போது இரண்டு பக்கமும் சாயும். ‘பேஷனட் டீச்சர்’ என்றால் தொழிலில் ஈடுபாடு, ‘பேஷனட் கிஸ்’ என்றால் காதல் வேகம். ஐயம் வரும் இடத்தில் ‘அபௌட்’ போட்டு எதைப் பற்றி என்று சொல்லிவிடுங்கள்.

நேர்முகத் தேர்வில்

“வாட் ஆர் யூ பேஷனட் அபௌட்?” என்று கேட்டால், பரந்த சொற்களில் ஒளிந்துகொள்வதுதான் பலரும் செய்வது. சோஷியல் சர்வீஸ், டெக்னாலஜி, லேர்னிங் நியூ திங்ஸ். இவற்றில் எதுவும் இலக்கணப்படி தவறில்லை. ஆனால் கேட்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை. பதிலை மூன்று வாக்கியமாகக் கட்டுங்கள். முதலில் செயலின் பெயர், எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவு குறுக்கி. அடுத்து, அதை எங்கே, எப்போது செய்கிறீர்கள். வழக்கமாகச் செய்வது என்பதால் சாதாரண நிகழ்காலம். மூன்றாவது, அதிலிருந்து கையில் இருப்பது என்ன. இதுவரை சேர்ந்தது என்பதால் ‘ஹேவ்’ சேர்ந்த வடிவம்.

பறவை பார்க்கும் ஒருவர் இப்படிச் சொல்லலாம்: “ஐயாம் பேஷனட் அபௌட் பேர்ட்வாட்சிங். ஐ கோ டு தி பள்ளிக்கரணை மார்ஷ் எவ்ரி சண்டே மார்னிங் அண்ட் அப்லோட் மை லிஸ்ட் டு ஈபேர்ட். ஐ ஹேவ் லேர்ன்ட் டு டெல் மோஸ்ட் ஆஃப் தி விண்டர் டக்ஸ் அபார்ட்.” (ஈபேர்ட் என்பது பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலைப் பதிவேற்றும் இணையதளம்.) சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. ‘பேஷனட்’ ஒரே ஒரு முறைதான் வருகிறது, ‘வெரி’ இல்லை, ‘ஃப்ரம் மை சைல்டுஹுட்’ இல்லை. மூன்றாவது வாக்கியம் அடுத்த கேள்வியை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுப்பது: எந்த வாத்து, எப்படிப் பிரித்தறிவீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு உண்மையான பதில் தெரிந்த துறையை மட்டும் சொல்லுங்கள். தெரியாததைப் பேஷன் என்று சொன்னால் அடுத்த கேள்வியிலேயே வெளுத்துவிடும்.

பயோடேட்டாவின் முதல் வரியில் ‘பேஷனட் அண்ட் ஹார்ட்வொர்க்கிங்’ என்று போடுவதை விட்டுவிடலாம். அடுக்கில் இருக்கும் எல்லாத் தாளிலும் அதே வரிதான் இருக்கும். அந்த இடத்தில் நீங்கள் செய்த ஒரு வேலையின் பெயர் இருந்தால் கண் நிற்கும்.

கோபம், கொலை வழக்கு, பாடுகள்

ஆர்வம் என்ற பொருள் இந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்தது. லத்தீனில் ‘பட்டி’ என்றால் துன்பப்படு, தாங்கு. அதன் பிள்ளைகள்தான் நோயாளியைக் குறிக்கும் சொல்லும், பொறுமையைக் குறிக்கும் ‘பேஷன்ஸ்’ என்பதும், இலக்கண வகுப்பில் வரும் ‘பேஸிவ் வாய்ஸ்’ என்பதும். ஆங்கிலத்துக்குள் பேஷன் நுழைந்தபோது அது கிறிஸ்துவின் துன்பத்தைக் குறித்தது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரம் மூன்றாம் வசனத்தில் ‘ஆஃப்டர் ஹிஸ் பேஷன்’ என்று இருக்கும். தமிழ் வேதாகமம் அதை “அவர் பாடுபட்டபின்பு” என்கிறது. இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது. தேவாலயச் சூழலில் முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டு ‘தி பேஷன்’ என்று வந்தால் பாடுகள் அல்லது திருப்பாடுகள் என்றே படிக்க வேண்டும். ஜெர்மனியின் ஓபராமர்காவ் என்ற ஊரில் 1634 முதல் நடக்கும் ‘பேஷன் ப்ளே’ காதல் நாடகம் அல்ல, பாடுகளின் நாடகம். கொள்ளைநோயிலிருந்து ஊர் தப்பினால் நடத்துவதாக நேர்ந்துகொண்டது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும். 2020இல் நடக்க வேண்டியது கொரோனாவால் 2022க்குத் தள்ளிப்போனது.

துன்பத்திலிருந்து, மனிதனை ஆட்கொள்ளும் எந்த வலுவான உணர்ச்சிக்கும் பொருள் விரிந்தது. அதில் கோபமும் அடங்கும். பழைய நாவல்களில் ‘ஃப்ளூ இன்டு எ பேஷன்’ என்று வந்தால் சீறி விழுந்தார் என்று பொருள். சட்டம் படிப்பவர்கள் இதை இன்றும் சந்திக்கிறார்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 300ஆம் பிரிவின் நான்காவது விதிவிலக்கு ‘ஹீட் ஆஃப் பேஷன்’ என்றது. முன்திட்டம் இல்லாமல் திடீர்ச் சண்டையில், ஆவேசத்தின் சூட்டில் நடந்த மரணம், மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், கொலை ஆகாது என்பது அதன் சாரம். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 101ஆம் பிரிவில் இருக்கிறது. அங்கே காதல், ஆர்வம் இரண்டுக்கும் இடமில்லை. செய்திகளில் பன்மையில் ‘பேஷன்ஸ் ரேன் ஹை’ என்று வந்தாலும் இதே வரிசைதான்: உணர்ச்சிகள் கொந்தளித்தன.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

‘கம்பேஷன்’ என்றால் கருணை. பிறர் துன்பத்தைச் சேர்ந்து சுமப்பது. அரசு ஊழியர் பணிக்காலத்தில் இறந்தால் குடும்பத்தினருக்குக் கருணை அடிப்படையில் தரும் வேலையை ‘கம்பேஷனட் அப்பாயின்ட்மென்ட்’ என்பார்கள். விண்ணப்பத்தில் ‘கம்’மை விட்டுவிட்டு எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். ‘டிஸ்பேஷனட்’ என்பதை அக்கறையற்ற என்று மொழிபெயர்ப்பது தவறு; விருப்பு வெறுப்பில்லாத, நடுநிலையான என்று பொருள், அது பாராட்டு. முன்னால் ‘இம்’, பின்னால் ‘ஈ, டி’ சேர்ந்த வடிவம் பேச்சுக்கும் வேண்டுகோளுக்கும் வரும்: உணர்ச்சி ததும்பும் முறையீடு. அதை ‘பேமென்ட்’ ஓசையில் சொன்னால் பொறுமையற்ற என்ற சொல்லாகக் கேட்கும்.

‘என்தூசியாசம்’ மேலோட்டமான உற்சாகம், ஒரு நாளில் வந்து போகலாம். எங்கே போட்டாலும் ஆபத்தில்லாத சொல். அதற்கும் ஃபார், அபௌட் விதிதான். ‘ஃபெர்வர்’ கொதிப்பு. கூட்டத்துக்குப் பொருந்தும்: தேசபக்தி, சமயம், தேர்தல். ‘ஆர்டர்’ (ardour, கட்டளையைக் குறிக்கும் சொல் அல்ல) எரியும் காதல் அல்லது தீவிரம். கவிதையிலும் பழைய உரைநடையிலும் அழகு, அலுவலக மின்னஞ்சலில் ஒட்டாது. இவ்விரண்டையும் பிரிட்டிஷ் முறையில் ஓ, யூ, ஆர் என்று முடிக்க வேண்டும். அமெரிக்கர்கள் யூவை விட்டுவிடுவார்கள்.

‘ஸீல்’ (zeal) ஒரு கொள்கைக்காகவோ கடமைக்காகவோ ஓயாமல் உழைக்கும் முனைப்பு. அதன் பெயரடை ‘ஸெலஸ்’. நமக்கு அந்த முதல் ஓசை வராமல் ‘ஜ’வாகிவிடும், அப்போது பொறாமைக்காரர் என்று பொருள். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ‘ஸ்ஸ்’ என்று இழுத்து, அதிலேயே தொண்டை அதிரும்படி குரலைச் சேருங்கள், அந்த அதிர்வுள்ள ஓசைதான் வேண்டும். கிரேக்கத்தில் இரண்டு சொல்லுக்கும் மூலம் ஒன்றே என்பது ஒரு விந்தை. பயிற்சி போதாதவர்கள் பேச்சில் இதைத் தவிர்த்து, எழுத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தமிழுக்குக் கொண்டுவரும்போது

ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். பயோடேட்டா நடைக்குப் ‘பேரார்வம்’, ‘ஆழ்ந்த ஈடுபாடு’. அறிவுத் தேடலுக்கு ‘வேட்கை’. காதலுக்கு ‘மோகம்’, கோபத்துக்கு ‘ஆவேசம்’, தேவாலயத்தில் ‘பாடுகள்’. பேச்சில் நமக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது: “அவளுக்குப் பாட்டுன்னா உசுரு.” வசனமோ நேர்காணலோ மொழிபெயர்க்கிறவர்கள் ‘பேரார்வம் கொண்டவள்’ என்று விறைப்பாக எழுதுவதற்குப் பதில் இதைப் போடலாம். ‘ஃபாலோ யுவர் பேஷன்’ என்பதை ‘உன் ஆர்வத்தைப் பின்தொடர்’ என்றால் தமிழாகாது. ‘மனசுக்குப் பிடிச்சதைச் செய்’ போதும். ‘பித்து’, ‘வெறி’ இரண்டும் வலுவானவை. ரசிகரைச் சொல்லலாம், ஆய்வாளரைச் சொன்னால் ஏச்சாகிவிடும்.

‘பேஷன் ஃப்ரூட்’டைக் ‘காதல் பழம்’ ஆக்கிவிடாதீர்கள். தென்னமெரிக்காவுக்குப் போன கிறிஸ்தவக் குருமார் அதன் பூவில் திருப்பாடுகளைக் கண்டார்கள்: சுற்றியுள்ள இழைகள் முள்முடி, மூன்று சூல்முடிகள் ஆணிகள், ஐந்து மகரந்தத் தாள்கள் காயங்கள். பெயர் அதனால் வந்தது. இலங்கையில் அது கொடித்தோடை, கொடைக்கானல் பக்கம் தாட்பூட் பழம். சமையல் குறிப்பானால் வாசகர் எந்த ஊரோ அந்த ஊர்ப் பெயரை எழுதுங்கள்.